‘செட் ஆகலை’ என்று ஆறே நாளில் தீர்ப்பு சொல்லலாமா?

காப்பகத்தில் இருந்து துறுதுறுவென்று ஒரு நாட்டு நாய் வீட்டுக்கு வருகிறது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை. முதல் நாளே இரண்டையும் ஹாலில் நேருக்கு நேர் விட்டு, ‘பாரு, இதுதான் உன் அக்கா’ என்று அறிமுகம். கையில் போன், வீடியோ ஓடுகிறது. அடுத்த நொடி நாய் பாய, பூனை ஃப்ரிட்ஜ் மேலே. ஆறாவது நாள் காப்பகத்துக்கு போன்: ‘செட் ஆகலை, திருப்பி எடுத்துக்குங்க.’

இதில் நாயின் தப்பு என்ன? ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். பெரும்பாலும் அதில் பகை கிடையாது. ஆனால் ஒவ்வொரு துரத்தலும் அந்த விளையாட்டை அதற்கு இன்னும் பிடிக்க வைக்கும். ‘விடு, அதுங்களே பழகிக்கும்’ என்ற அறிவுரை ஆபத்தாவது இங்கேதான். பூனையின் ஒரு கீறல் நாயின் கண்ணைக் கெடுக்கலாம்; நாயின் ஒரே கடி பூனையைக் கொல்லலாம்.

முதல் சில நாள்கள் இரண்டும் பார்த்துக்கொள்ளவே வேண்டாம். சாப்பாடு, தண்ணீர், லிட்டர் பாக்ஸோடு பூனைக்குத் தனி அறை. பூனை படுத்த துண்டை நாயிடமும், நாயின் விரிப்பைப் பூனையிடமும் வைத்தால் வாசனை முதலில் பழகும். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு.

அடுத்ததுதான் உண்மையான பயிற்சி. நாயை நன்றாக நடக்க வைத்து, களைத்த பிறகு லீஷோடு உள்ளே கொண்டுவர வேண்டும். பூனை தூரத்தில். நாய் அதைப் பார்த்துவிட்டு வளர்ப்பவரைத் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் வேகவைத்த சிக்கன் துண்டு. ஐந்து நிமிடம் போதும். உடம்பு விறைத்து, வாயை மூடி, கண் கொட்டாமல் முறைத்தால் தூரம் போதவில்லை என்று பொருள். வால் ஆடினாலே குஷி என்று நம்ப வேண்டாம்!

அடிப்பதும் அதட்டுவதும் காரியத்தைக் கெடுக்கும். பூனை வந்தாலே அடி விழும் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும்.

பலர் மறப்பது பூனையை. பீரோ மேல், லாஃப்ட் என நாய்க்கு எட்டாத இடமும், தப்பி ஓட வழியும் அதற்கு எப்போதும் வேண்டும். பயந்த பூனை சாப்பாட்டை நிறுத்தலாம்; அது சில நாள்கள் நீடித்தாலே கல்லீரல் பாதிக்கப்படலாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஆபீஸ் போகும் நேரத்தில் கட்டாயம் தனித்தனி அறை. ‘நேத்து நல்லாத்தான் இருந்துச்சு’ என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது. ரீல்ஸில் வருவது போல இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்கவும் தேவையில்லை. ஒரே அறையில் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் இருந்தாலே வெற்றி.

சில நாய்கள் மாதங்கள் ஆனாலும் பூனையை இரையாகவே பார்க்கும். பூனை இல்லாத வீட்டைத் தேடித் தருவதுதான் அந்த நாய்க்கும் நல்லது. ஆனால் மருத்துவரோ பயிற்சியாளரோ நாயை நேரில் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் அது.