ஏதென்ஸில் ஒரு காலி இடம்

ஏதென்ஸை ஒருநாள் சுத்திப் பார்த்துட்டு வந்து படம் காட்டாம, சண்டைக்கு நிக்கிறானேன்னு நினைக்காதீங்க மக்களே. காரணம் இருக்கு.

காலையிலேயே அக்ரோபோலிஸ் குன்றில் ஏறிட்டோம், நானும் கூட வேலை பார்க்கிற நண்பரும். ஆட்கள் நடந்து நடந்து பளிங்கெல்லாம் வழவழன்னு வழுக்குது. பார்த்தினான் கோயிலை கி.மு. 447ல் ஆரம்பிச்சு, சிற்ப வேலை வரைக்கும் 15 வருஷத்துல முடிச்சிருக்காங்க! பக்கத்துல எரெக்தியான் கோயில். அங்கே கூரையைத் தலையில தாங்கி நிக்கிற ஆறு பெண் சிலைகள். ஆறுமே நகல்தான். அசல் கீழே மியூசியத்துல.

சரின்னு இறங்கிப் போனோம். 2009ல் திறந்த மியூசியம். அசல் பெண்கள் ஐந்து பேர் நிக்கிறாங்க. ஆறாவது ஆளுக்கான இடம் காலி. அந்தம்மா லண்டன்ல! மேல்மாடி இன்னும் கொடுமை. கோயிலைச் சுத்தி ஓடின 160 மீட்டர் சிற்ப வரிசையை அதே வரிசையில வெச்சிருக்காங்க. தேன் நிறத்துல இருந்தா அசல், வெள்ளை வெளேர்னு இருந்தா பிளாஸ்டர். கிட்டத்தட்ட பாதி வெள்ளை. கண்ணாடிக்கு வெளியே கோயில் தெரியுது.

அப்போ நண்பர் சொன்னார்: "விடுங்க தல, வெள்ளைக்காரன் தூக்கிட்டுப் போகலேன்னா இதெல்லாம் என்னைக்கோ சுண்ணாம்பா போயிருக்கும்."

இந்த வசனத்தை நம்மாளுங்க வாயிலதான் அதிகம் கேட்டிருக்கேன். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

1687ல் துருக்கியர் உள்ளே வெடிமருந்து அடுக்கி வெச்சிருக்க, வெனிஸ்காரன் குண்டு விழுந்து கோயில் பிளந்தது நிஜம். ஆனா 1801ல் வந்த எல்ஜின் பிரபுவோட ஆட்கள் கீழே கிடந்ததை மட்டுமா பொறுக்கினாங்க? கட்டடத்துல இருந்ததையும் பெயர்த்து, கனம் குறையணும்னு கல்லின் முதுகை அறுத்து எடுத்தாங்க. ஏத்திப் போன கப்பல்ல ஒண்ணு 1802ல் கடல்ல மூழ்கி, முக்குளிச்சு மீட்டாங்க. 1816ல் 35,000 பவுண்டுக்கு வித்தவர் எல்ஜின், வாங்கினது அவங்க அரசாங்கம். ஏதென்ஸ்காரனை யார் கேட்டா?

சரி, பத்திரமாவாவது வெச்சாங்களா? 1930களில், வெள்ளையா இருந்தாதான் அழகுன்னு உலோகக் கருவியால சுரண்டினது அதே லண்டன் மியூசியத்துலதான்!

ஏதென்ஸ்ல வைக்க நல்ல இடமில்லைங்கிற வாதம் 2009லயே செத்துப் போச்சு. மிச்சம் இருக்கிறது 1963ல் போட்ட சட்டம், அது கொடுக்க விடாதாம். போட்டவங்களே மாத்தலாமே ஐயா! 2022ல் சிசிலி ஒரு துண்டையும், 2023ல் வாடிகன் மூணு துண்டையும் திருப்பிக் கொடுத்தாச்சு. குடியா முழுகிப் போச்சு?

நண்பர்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன். "பத்தூர் நடராஜர் லண்டன் கோர்ட்டுல ஜெயிச்சு 1991ல் இந்தியா திரும்பினாரே, அவரையும் பத்திரமா இருக்கட்டும்னு அங்கேயே விட்டிருக்கலாமா?"

"அது வேற தல, அது நம்ம சாமி"ன்னார்.

இதுவும் யாரோ ஒருத்தரோட சாமிதானே?

பக்கத்து வீடு தீப்பிடிச்சப்ப பீரோவைத் தூக்கிட்டுப் போனது உதவின்னே வெச்சுக்குவோம். தீ அணைஞ்சு, புது வீடும் கட்டி, பீரோவுக்கு இடம் விட்டுக் காத்திருக்கான். இப்பவும் தரமாட்டேன்னா அதுக்குப் பேர் பாதுகாப்பா?

சாயங்காலம் ஹோட்டலுக்குத் திரும்ப அக்ரோபோலி மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கினோம். அங்கேயும் அதே சிற்பங்களோட நகல். நண்பர் கொஞ்ச நேரம் நின்னு பார்த்தார். ஒண்ணும் பேசலை.

நீங்க பேசுங்க :-)