அதே அச்சு, அதே கார்

மிச்சிகனில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது சாப்பாட்டு மேஜை முழுக்க ஒரு 1957 செவர்லே பெல் ஏர் பாகம் பாகமாகக் கிடந்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் பழைய மாடல் கிட், இப்போது ரவுண்ட் 2 நிறுவனம் மறுபடி வெளியிட்டிருப்பது. நிஜக் காரில் 25-இல் ஒரு பங்கு. பையனாக இருந்தபோது கட்டியதையே அறுபது தாண்டி மறுபடி கட்டுகிறார். இதைவிடத் துல்லியமான புது கிட்டுகள் வருகின்றனவே என்றேன். பதில் சொல்லாமல் எஞ்சின் பாகம் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஓரத்தில் வெங்காயச் சருகு போல மெல்லிய பிளாஸ்டிக் துருத்திக்கொண்டிருந்தது. எஃகு அச்சு தேயத் தேய அதன் இரு பாதிகளும் இறுகப் பொருந்தாமல், இடுக்கில் கசிந்து உறைவது அது. கத்தி முனையால் பொறுமையாகச் சுரண்டும்போது அவர் முகம் அப்படி மலர்ந்தது! இந்த அச்சு பிழைத்திருப்பதே பெரிய விஷயம். அந்தக் காலத்தில் டெட்ராய்ட் கார் கம்பெனிகள் ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்ற, கிட் கம்பெனிகளும் அச்சை வெட்டி ஒட்டி அடுத்த ஆண்டுக் காராக்கிவிடும்; முந்தைய கார் அதோடு போயிற்று. அப்படிப் போன கார்களை மீட்க இன்று புதிதாக அச்சு செதுக்குகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அலமாரியில் அவருடைய பழைய செவர்லே நின்றது. வினைல் டயர் பல்லாண்டு ஒட்டியிருந்ததில் சக்கரங்கள் இளகிக் குழிந்திருந்தன. கதவருகே பசை தொட்ட சின்ன விரலின் ரேகை அப்படியே பதிந்திருந்தது. புதியது காய்ந்ததும் அதன் பக்கத்தில்தான் நிற்கப்போகிறது. இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்.