கரண்ட் பில்லுக்கு விலை போடும் அந்த மூன்று பேர்!

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து முடிந்ததும் செல்போனுக்கு ஒரு மெசேஜ் வருகிறது. இத்தனை யூனிட், இத்தனை ரூபாய், இந்தத் தேதிக்குள் கட்டவும். தொகை கூடியிருந்தால் வீட்டில் முதலில் திட்டு வாங்குவது ஏ.சி. அடுத்து ஈ.பி. ஆபீஸ். கடைசியாக அரசாங்கம். ஆனால், ஒரு யூனிட்டுக்கு என்ன விலை என்று ஆணை போடும் அதிகாரம் இந்த மூவரிடமும் இல்லை. சென்னை கிண்டியில் இயங்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான் அதைச் செய்கிறது. ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள் என மொத்தமே மூன்று பேர் கொண்ட அமைப்பு இது.

இப்படி ஓர் ஆணையம் எதற்கு? பருப்பு விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அடுத்த மளிகைக் கடைக்குப் போகலாம். மின்சாரத்துக்கு அடுத்த கடை கிடையாது. ஒரே கடைக்காரர் இஷ்டத்துக்கு விலை வைத்தால் வாங்குபவர் கதி என்ன? தேர்தலுக்குப் பயந்து அரசே விலையை அமுக்கி வைத்தால் கடை கதி என்ன? இந்த இரண்டு கேள்விக்கும் பதிலாகத்தான், விற்பவரும் அரசும் அல்லாத மூன்றாவது அமைப்பிடம் விலையை ஒப்படைக்கும் சட்டம் 1998-ல் வந்தது. தமிழ்நாட்டு ஆணையம் 1999-ல் அமைந்தது. இன்று அது இயங்குவது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி.

இரண்டு தட்டுத் தராசு

ஆணையம் என்றால் மக்கள் பக்கம் வாதாடும் வக்கீல் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நுகர்வோர் நலனைக் காக்க வேண்டும். அதே நேரம், மின்சாரம் தரும் செலவும் நியாயமான முறையில் திரும்பக் கிடைக்க வேண்டும். இரண்டையும் ஒரே வரியில்தான் எழுதி வைத்திருக்கிறது.

ஒரு தட்டை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடே உதாரணம். 2014 டிசம்பரில் உயர்ந்த மின் கட்டணம், அதன்பிறகு 2022 செப்டம்பர் வரை ஏறவே இல்லை. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் நிம்மதி. ஆனால், அந்த ஆண்டுகளில் நிலக்கரி விலையும் சம்பளமும் வட்டியும் ஏறாமல் இல்லை. மின் பகிர்மானக் கழகத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிப் போனது. கட்டாமல் விட்ட பில் காணாமல் போவதில்லை. வட்டியோடு சேர்ந்து பிறகு வருகிறது. 2022 செப்டம்பர் 10 முதல் அமலான கட்டண உயர்வு அவ்வளவு கனமாக இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலை போடுவது ஒருவர், குறைப்பது இன்னொருவர்

முதல் 100 யூனிட் இலவசம் என்பது ஆணையம் தந்த சலுகை இல்லை. ஆணையம் எல்லா யூனிட்டுக்கும் விலை போடுகிறது. அதில் ஒரு பங்கை அரசு மானியமாக ஏற்றுக்கொள்கிறது. அந்த மானியத் தொகையை மின் நிறுவனத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்பது சட்டத்தின் 65-வது பிரிவு.

இந்தக் கணக்கு வீட்டு பில்லில் எப்படித் தெரியும் என்பதற்கு 500 யூனிட் எல்லையைப் பார்த்தால் போதும். 2022 கட்டணப்படி 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 8 ரூபாய்தான். மீதி 225 ரூபாய் எங்கிருந்து வந்தது? 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு அரசு தரும் பாதி விலை மானியம், 500-ஐத் தாண்டிய வீட்டுக்குக் கிடையாது. எல்லையைத் தாண்டியதும் அது கழன்றுகொள்கிறது. அதனால்தான் 490-களில் நிற்கும் வீடுகளில் கடைசி வாரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூலை மாத உயர்வுகளிலும் இதே கதைதான். 2022 ஆணையின்படி ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில், விலைவாசிக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 சதவிகிதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் ஏறும். 2023-ல் 2.18 சதவிகிதம் ஏறியது; வீடுகளுக்கான பங்கை அரசு ஏற்றது. 2024-ல் 4.83 சதவிகிதம், வீடுகளே கட்டின. 2025-ல் 3.16 சதவிகிதம், மறுபடி வீடுகளுக்காக அரசு ஏற்றது. மூன்று ஆண்டும் ஆணையம் செய்தது ஒரே வேலை. வீட்டு பில்லில் அது தெரிந்ததா, தெரியவில்லையா என்பதை முடிவு செய்தது அரசு. மானியமும் மக்களின் வரிப்பணம்தான் என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

மைக் பொதுமக்கள் கைக்கு வரும் நாள்

மின் நிறுவனம் விலையை உயர்த்த நினைத்தால் ஆணையத்தில் மனு போட வேண்டும். அந்த மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். பொதுமக்கள் எழுதும் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே, 120 நாளுக்குள் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். 2022-ல் கோவை, மதுரை, சென்னை என மூன்று ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. தொழிற்சங்கங்கள், நூற்பாலை அமைப்புகள், விவசாயிகள், நுகர்வோர் அமைப்புகள் எனப் பலரும் பேசினார்கள்.

பஞ்சாலை நடத்துபவருக்கு யூனிட்டுக்கு 10 காசு என்றாலும் லட்சங்களில் கணக்கு. அவர் ஆடிட்டரோடு, வக்கீலோடு வருவார். வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம் வேலையை விட்டுவிட்டு அங்கே போய் நிற்க முடியாது. ஆனால், தபாலிலும் ஆட்சேபம் அனுப்பலாம். அதற்கு ஆங்கிலமும் வேண்டாம், சட்டப் படிப்பும் வேண்டாம். "இரண்டு மாதத்துக்குப் பதிலாக மாதாமாதம் ரீடிங் எடுத்தால் எங்கள் பில் இவ்வளவு குறையும்" என்று சொந்த பில்லை வைத்து எழுதினால் அதுவும் ஆட்சேபம்தான்.

தனி வீட்டுப் புகாருக்கு வேறு வாசல்

"பில் தப்பு" என்று நேரே ஆணையத்துக்கு எழுதினால் வேலை நடக்காது. ஆணையம் விதி போடும் இடம். தனிப்பட்ட வழக்குகளுக்குச் சட்டம் மூன்று படி வைத்திருக்கிறது.

முதல் படி, பகுதியின் பிரிவு அலுவலகம். அல்லது 94987 94987 என்ற மின்னகம் எண். எதுவானாலும் புகார் எண்ணைக் குறித்து வைப்பது முக்கியம். அடுத்த படியில் கேட்கும் முதல் ஆதாரம் அதுதான். இரண்டாவது படி, மின் பகிர்மான வட்டத்தில் செயல்படும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதன் தீர்ப்பில் திருப்தி இல்லை என்றால் மூன்றாவது படி, மின் குறைதீர்ப்பாளர். வக்கீல் வைத்துத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்தப் படிகளில் ஏறும்போது ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால்? இங்கேதான் பலருக்குத் தெரியாத 56-வது பிரிவு கைகொடுக்கும். பணம் கட்டவில்லை என்றாலும், எழுத்து மூலமாக முழுதாக 15 நாள் நோட்டீஸ் தராமல் இணைப்பைத் துண்டிக்க முடியாது. பில்லில் தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படியான தொகை, இரண்டில் குறைவானதை "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டிவிட்டால் போதும். தகராறு தீரும்வரை இணைப்பைத் தொடக் கூடாது.

மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற சந்தேகமா? 2024-ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, புகார் வந்த ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் பொருத்தி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புது இணைப்புக்கும் அதே விதிகளில் கெடு உண்டு. பெருநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாள்.

காவலருக்கு யார் சம்பளம்?

இவ்வளவு இருந்தும் ஆணையம் உண்மையிலேயே சுதந்திரமானதா என்ற கேள்வி ஓயவில்லை. உறுப்பினர்களின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு அல்லது 65 வயது வரை. பிடிக்காத ஆணை போட்டார் என்பதற்காக இடையில் தூக்க முடியாது. இது பலம். ஆனால், காலியிடத்தை நிரப்ப வேண்டியது மாநில அரசு. பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் ஆணையத்துக்கு வழிகாட்டும் அதிகாரமும் 108-வது பிரிவின்படி அரசுக்கு உண்டு. விலை கேட்டு வரும் நிறுவனமும் அதே அரசுக்குச் சொந்தமானது.

ஆணையத்தில் சட்டம் படித்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-ல் தமிழ்நாட்டின் கட்டண மனு விசாரணைக்கு வந்தபோது அந்த இடம் காலி. அதை நிரப்பும்வரை இறுதி ஆணை கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தனி நீதிபதி உத்தரவிட்டார். டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நீக்கிய பிறகே புதிய கட்டணம் வந்தது. கீழ்ப்படியிலும் இதே சிக்கல் உண்டு. குறைதீர்க்கும் மன்றத்துக்குத் தலைமை தாங்குபவர் மின் நிறுவனத்தின் அதிகாரிதான். புகார் யார் மீதோ, அவர் வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்து. அதனால்தான் நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் மூன்றாவது படியை விட்டுவிடக் கூடாது.

2022-ல் போட்ட கட்டண ஆணையின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அதற்கடுத்த ஆண்டுகளுக்கான விலைக்குப் புதிதாக மனுவும் ஆட்சேபமும் விசாரணையும் தேவைப்படும். அந்த அறிவிப்பு பேப்பரில் சின்ன எழுத்தில் வரும். கடந்த ஓராண்டின் ஆறு பில்களை இப்போதே எடுத்து ஒரு கவரில் போட்டு வைத்தால், அன்று எழுத வேண்டிய கடிதத்தில் பாதி வேலை முடிந்தது.