புகை மட்டும் போதுமா?

மழைக்காலம் வந்தாலே சென்னைத் தெருக்களில் கொசுப் புகை வண்டி உறுமத் தொடங்கிவிடுகிறது. அந்தப் புகைக்கு ஆள் பார்க்கத் தெரியாது. அகப்பட்டால் தேனீக்கும் தட்டானுக்கும் அதே நஞ்சுதான். இத்தனைக்கும் தட்டான் நீருக்குள் இளம்பருவத்தில் கொசுப் புழுக்களைத் தின்று, சிறகு முளைத்தபின் பறக்கும் கொசுவையும் பிடிக்கும் பூச்சி. டெங்குவில் பிள்ளைகள் சாகும்போது பூச்சிக்குப் பரிந்து பேசுவதா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது வீட்டுத் தொட்டியிலும், பழைய டயரிலும், ஃபிரிட்ஜின் பின்தட்டிலும் தேங்கும் நீரில். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், புழுவைத் தொடாது. சில நாளில் புதுக் கொசு கிளம்பிவிடும். நோய் பரவும் இடத்தில் அவசரத்துக்குப் புகை வேண்டும்தான். அதையே வாடிக்கையாக்குவதை ஏற்க முடியாது. (தொட்டியைக் கழுவ வைப்பதைவிடப் புகை போடுவது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

காலிமனைகளைச் 'சுத்தம்' செய்வதும் இதே ரகம். அப்போது வெட்டி எறியப்படும் எருக்கின் இலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சிக்கு, புல்தரையும் குரோட்டன்ஸும் நிறைந்த பூங்காவில் முட்டையிட இடமில்லை. தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019-இல் அறிவித்த அரசு, மாநகராட்சிப் பூங்காக்களில் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும் எருக்குக்கும் கறிவேப்பிலைக்கும் ஒரு மூலையை ஒதுக்கச் சொல்லலாம். இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.