தூக்குவதும் தாங்குவதும்

பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைப் பேணுவோர் யாழ்ப்பாணத்தில் இன்னும் உளர். வண்டியின் அடிப்பாகத்தைப் பழுதுபார்க்க வீட்டுக் கராச்சிலே குழி வெட்டலாமெனின், கிணற்று நீர் மேலெழும் மாரியில் அது பல இடங்களிற் கேணியாகிவிடும். ஆகவே தூக்கியை நாடுதல் இயல்பே.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தூக்கி, பாஸ்கல் (1623–1662) கண்ட விதிப்படி சிறு விசையாற் பெரும் பாரத்தை உயர்த்தும். ஆயின், எண்ணெய் கசிந்தாற் பாரம் இறங்கிவிடும். எனவே, உயர்த்துவது எண்ணெயாயினும் தாங்குவது இரும்புப் பூட்டாக இருத்தல் வேண்டும். பூட்டில்லாத் தூக்கி எத்துணை மலிவாயினும் வேண்டாம்.

இரு தூண் தூக்கிக்குத் தடித்த கொங்கிறீற்றுத் தளமும் இன்றியமையாதது. அவ்வசதி இல்லாதார், ஜாக்கியால் உயர்த்திய வண்டியை இரும்புத் தாங்கிகளில் இருத்திய பின்னரே அடியிற் புகுக. அடுக்கிய சீமெந்துக் கல்லை நம்பற்க; கல் உடைந்தால் வேறு வாங்கலாம், உயிரை வாங்க இயலாது.