தண்ணியில நிக்கிற மரம்

லீவு விட்டா தேக்கடிக்குப் போறோம்னு பட்டணத்துச் சொந்தக்காரங்க பலபேரு சொல்றாங்க. நல்ல இடம்தான், நானும் போயிருக்கேன். போட்டுல போனா கரையோரமா யானை, மிளா, காட்டெருமை எல்லாம் பார்க்கலாம். ஆனா என் கண்ணு போனது தண்ணி நடுவுல நிக்கிற பட்ட மரங்க மேலதான். இலை இல்ல, கிளையும் பாதி இல்ல. அதுல நீர்க்காகமும் பாம்புத்தாராவும் றெக்கையை விரிச்சு வெயில் காயுது.

தேக்கடி ஏரி தானா உண்டானது இல்லைங்க. பென்னிகுயிக் 1895ல கட்டி முடிச்ச பெரியாறு அணையில தேங்குற தண்ணி அது. வைகைப் பாசனத்துக்குன்னு தேக்கினது. அப்ப முழுகின காட்டோட மிச்சம்தான் அந்த மரங்க. செத்த பிறகும் பறவைக்கு உட்கார இடம் குடுக்குது.

அதே நீர்க்காகமும் பாம்புத்தாராவும் எங்க சீமைக் கண்மாய்க்கும் வரும். திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் பெரும்பாலும் மானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில மழை ஏமாத்தாம பெஞ்சு கண்மாய் பெருகிட்டா, கொக்கு, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், சில வருஷம் கூழைக்கடா கூட வந்து எறங்கும். டிக்கெட்டு கிடையாது. கரையில நின்னு பார்த்தாப் போதும்.

ஆனா தண்ணி மட்டும் இருந்தா பறவை இரை பொறுக்கிட்டுப் போயிரும். கூடு கட்டணும்னா தண்ணிக்குள்ள மரம் வேணும். அடியில தண்ணி நின்னா பூனை, நரி கிட்டப் போகாது. நாட்டுக்கருவை முள்ளு அதுக்கு வேலி. கூட்டுல இருந்து விழுற எச்சம் தண்ணியில கரைஞ்சு, மடை தொறந்தா வயலுக்கு வந்துரும். காசு குடுக்காம கிடைக்கிற உரம்.

பக்கத்து மாவட்டங்களைப் பாருங்க. சிவகங்கையில வேட்டங்குடி 1977ல சரணாலயம் ஆச்சு. அங்க கொள்ளுகுடிப்பட்டி சனங்க பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுறதில்ல. ராமநாதபுரத்துல சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ரெண்டும் 2022ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்துச்சு. எல்லாமே நம்மளை மாதிரி விவசாயக் கண்மாய்தான். உள்வாயில கருவை நிக்கிறதாலதான் அங்க கூடு.

இப்ப வேலிக்கருவை ஒழிப்புக்கு வர்றேன். 2017ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டப்ப ஊரூரா ஜேசிபி எறங்குச்சு. அப்புறம் தடை வந்துச்சு, ஆனா தூர்வார்றப்ப மரம் எடுக்குறது இன்னைக்கும் நடக்குது. வேலிக்கருவை போகணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. வரத்துக்கால அடைச்சு, மடையை மறிச்சு எங்களைப் படுத்துற பாடு கொஞ்சமில்ல. ஆனா ஜேசிபிக்கு நாட்டுக்கருவையும் ஒண்ணு, வேலிக்கருவையும் ஒண்ணு. எங்க பக்கம் ஒரு கண்மாயில காண்ட்ராக்டு எடுத்தவரு ரெண்டையும் சேர்த்து வழிச்சுட்டாரு. அடுத்த மழைக்குக் கண்மாய் நெறைஞ்சுச்சு. கொக்கு வந்துச்சு, மேஞ்சுச்சு, போயிருச்சு. ஒரு கூடு இல்ல.

மரம் நின்னா தண்ணி பிடிக்கிற எடம் கொறையும், மீன் ஏலம் எடுத்தவருக்கு நட்டம்னு சிலர் சொல்வாங்க. கண்மாய் பூராவும் மரமா இருக்கணும்னு நான் சொல்லல. கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் நாலையும் சுத்தமா எடுங்க. உள்வாயில ஒரு ஓரமா நாட்டுக்கருவையை மட்டும் திட்டுத் திட்டா விடுங்க. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சுண்ணாம்பு அடிச்சு அடையாளம் வைங்க. கூடு கட்டின வேலிக்கருவையா இருந்தா ஒரே வருஷத்துல வழிக்காம, பக்கத்துல நாட்டுக்கருவை கன்னு வச்சு, அது வளர வளர எடுங்க. அதையும் கண்மாய் வத்தி, குஞ்சு பறந்து போன பிறகு கோடையில செய்யுங்க.

பட்டணத்துல இருந்து கண்மாய் தூர்வார நெறையப் பேரு பணம் அனுப்புறீங்க. அந்த நல்ல மனசுக்குக் கையெடுத்துக் கும்பிடுறேன். பணம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: எத்தனை லோடு மண்ணு அள்ளுவீங்கன்னு கேக்குறதோட, எந்த மரத்தை விட்டு வைப்பீங்கன்னும் கேளுங்க. நாங்க கேட்டா ஊர்க்காரன் பேச்சுன்னு தள்ளிருவாங்க. பணம் குடுக்குற நீங்க கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்.