நீயில்லாவிட்டால் நானில்லையா?

“நீ இல்லாவிட்டால் உயிர் வாழ மாட்டேன்” என்பதே உயர்ந்த காதலுக்கு அடையாளமென்று சினிமாக்காரரும் கதைக்காரரும் ஓயாமல் பிரசாரம் செய்து வருகின்றார்கள். இது காதலா, பிச்சையா என்று கேட்கின்றோம்.

தனித்து நிற்க முடியாதவனுக்குத் துணைவி என்பவள் தோழியல்ல, ஊன்றுகோலேயாவாள். ஊன்றுகோலுக்கு விலகிப் போகும் உரிமையை எவன் கொடுப்பான்? அதனாலேயே, நேற்றுவரை “சாவேன்” என்று கெஞ்சிய வாலிபன், பெண் மறுத்தவுடன் கத்தியையும் திராவகத்தையும் தூக்குகின்றான். பெண்ணுக்கோ, புருஷனே உயிரென்று போதித்து, அடித்தாலும் வெளியேற நினையாதபடி செய்து வைத்திருக்கின்றோம்.

1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் விவாகரத்துரிமையும் கேட்டது எதற்காக? சோற்றுக்கு ஒருவனை நம்பியிருக்கும்வரை, அவள் காட்டும் அன்பு மனத்திலிருந்து வருகிறதா, வயிற்றிலிருந்து வருகிறதா என்று அவளுக்கே தெரியாது. 1967-இல் புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கும் சட்டம் நிறைவேறிற்று. 1989-இல் தமிழ்நாட்டில் இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு வந்தது. ஆனால் ஒப்பந்தம் செய்துகொள்ள இரண்டு முழு மனிதர்கள் வேண்டாமா? அந்த மனிதர்களைச் சட்டம் உண்டாக்கித் தராது.

அன்பே வேண்டாமென்பதல்ல நம் கருத்து. பிரிவுக்கு வருந்துவது இயற்கை. ஆனால் தனக்கென்று வேலையும், நண்பர்களும், சொந்தப் புத்தியும் உடையவர் வருந்திவிட்டு எழுந்து நடப்பார்.

ஆகவே வாலிபர்களே, ஒருவரிடம் காதலைச் சொல்லுமுன், “மறுத்தால் மரியாதையோடு திரும்பி வர என்னால் ஆகுமா?” என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆகாதென்றால், காதலிக்கும் யோக்கியதை இன்னும் உங்களுக்கு வரவில்லையென்றே சொல்லுவோம்.